ஒரே சீட்டு, பல மேசை: பிரிட்ஜ் போட்டியை நடத்துவதும் புள்ளி கணக்கிடுவதும்

டூப்ளிகேட் பிரிட்ஜ் என்பது ஒரே சீட்டுப் பகிர்வைப் பல மேசைகளில் ஆடவைத்து, கிடைத்த விளைவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் போட்டி. முதல் மேசையில் வடக்கே உட்கார்ந்தவர் எந்தப் பதின்மூன்று சீட்டைப் பிடித்தாரோ, அதே பதின்மூன்றைத்தான் ஏழாவது மேசையின் வடக்கும் பிடிக்கிறார். ஆகவே ஒரு ஜோடியின் உண்மையான போட்டியாளர்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர். வேறு மேசைகளில் அதே திசையில், அதே சீட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள்தான். மோசமான சீட்டு வந்தால் எல்லா வடக்குக்கும் மோசமாகவே வரும். நூறு புள்ளி இழக்கவேண்டிய இடத்தில் ஐம்பதோடு தப்பியவருக்கு அன்று முதல் மதிப்பெண் கிடைக்கலாம். இந்த ஒப்பீடு கெடாமல் காப்பதே போட்டியை நடத்தும் டைரக்டரின் வேலை. மேசைகளின் ஓட்டத்தை அமைப்பது, விதிமீறலுக்குத் தீர்வு சொல்வது, புள்ளியைச் சரிபார்ப்பது எல்லாம் அதன் கிளைகள்.

தமிழ்நாட்டில் முன்னூற்று நாலு ஆடியவர்களுக்கும், போடிமெட்டு ஏறி இறங்கினால் கேரளத்துத் திண்ணைகளில் இருபத்தெட்டும் ஐம்பத்தாறும் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கும் இந்த ஆட்டத்தின் அடிப்படை புதிதல்ல. எதிரெதிரே உட்காரும் கூட்டாளிகள், கேட்டு ஏற்றும் ஏலம், துருப்பு, வெட்டு, எண்ணிச் சேர்க்கும் பிடிகள் எல்லாம் அங்கேயும் உண்டு. அந்த ஆட்டங்களில் ஒரு கை முடிந்ததும் சீட்டைக் கலைத்துவிடுவார்கள். நடந்ததற்குச் சாட்சி இராது. டூப்ளிகேட்டில் சீட்டு நடுவே குவிவதே இல்லை. ஒவ்வொருவரும் தாம் இறக்கிய சீட்டைத் தம் முன்னாலேயே கவிழ்த்து அடுக்குகிறார்கள்: வென்ற பிடியை நெடுக்காக, தோற்றதைக் குறுக்காக. ஆட்டம் முடிந்ததும் அவரவர் பதின்மூன்றும் நான்கு அறை கொண்ட ‘போர்டு’ என்னும் தட்டையான பெட்டிக்குத் திரும்புகின்றன. யார் சீட்டுப் போட்டவர், எந்தத் தரப்பு ‘வல்னரபிள்’ (அதாவது பரிசும் அபராதமும் கூடுதலாகும் நிலை) என்பதெல்லாம் அந்தப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். பதினாறு போர்டுக்கு ஒருமுறை அந்தச் சுழற்சி திரும்ப வரும்.

இந்த யோசனை பிரிட்ஜைவிடப் பழையது. பிரிட்ஜின் தாயான விஸ்ட் ஆட்டத்தில், 1857-இல் லண்டனில் ‘கேவண்டிஷ்’ என்ற புனைபெயரில் எழுதிய ஹென்றி ஜோன்ஸ் ஒரு சோதனை செய்தார். தேர்ந்த ஆட்டக்காரர்களையும் சாதாரண ஆட்டக்காரர்களையும் இரண்டு அறைகளில் எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு அறையில் ஆடிய சீட்டையே மற்றதில் இடம் மாற்றிக் கொடுத்து ஆடச்சொன்னார். திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய முதல் முயற்சிகளுள் அது ஒன்று. ஜான் மிட்செல் 1890-களின் தொடக்கத்தில் மேசைகளுக்கிடையே ஆட்டக்காரரையும் சீட்டையும் நகர்த்தும் முறையை நூலாக்கினார். எட்வின் ஹவல் 1897-இல் இன்னொரு முறையைத் தந்தார். இருவர் பெயராலும் அந்த ஓட்டங்கள் இன்றும் வழங்குகின்றன. இன்றைய கான்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளி அட்டவணை ஹெரால்டு வாண்டர்பில்ட் 1925-இல் பனாமாக் கால்வாய் வழியே சென்ற ஒரு கப்பல் பயணத்தின்போது வகுத்தது. உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு 1958-இல் அமைந்தது. அது வெளியிட்ட டூப்ளிகேட் விதிகளின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பைத் தழுவியே இக்கட்டுரை செல்கிறது.

சீட்டாட்டம் என்றதும் நம் ஊரில் காவல் நிலையம் நினைவுக்கு வருவது இயல்பு. சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் திறமை சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆந்திரத்து ரம்மி வழக்கொன்றில் 1967-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ரம்மியிலுள்ள தற்செயல் பிரிட்ஜில் சீட்டுப் பகிர்வதிலுள்ள தற்செயலைப் போன்றதே என்று ஒப்பிட்டது. அதாவது பிரிட்ஜ் திறமை ஆட்டம் என்பதை வாதத்துக்கே இடமில்லாத அளவுகோலாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. டூப்ளிகேட் ஆட்டத்தில் அந்தத் தற்செயலும் எல்லா மேசைக்கும் பொதுவாகிவிடுவதை நீதிபதிகள் கணக்கில் எடுத்திருந்தால் வாக்கியம் இன்னும் அழுத்தமாக வந்திருக்கும். இந்தியாவில் தேசியப் போட்டிகளை இந்திய பிரிட்ஜ் கூட்டமைப்பு நடத்துகிறது. அணிகளுக்கான ரூயா கோப்பையும் ஜோடிகளுக்கான ஹோல்கர் கோப்பையும் நெடுங்காலமாக நடப்பவை. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டபோது பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி இந்தியாவுக்குத் தங்கம் வென்றது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பெரிய நிகழ்வு 2015-இல் சென்னையில் நடந்த உலக அணிப் போட்டி. அதைப் பின்னால் பார்க்கலாம்.

போட்டி தொடங்குமுன் டைரக்டர் தீர்மானிக்கவேண்டியது மேசைகளின் ஓட்டம். மிட்செல் ஓட்டத்தில் வடக்கு–தெற்கு ஜோடிகள் நகர்வதில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கிழக்கு–மேற்கு ஜோடிகள் அடுத்த எண் மேசைக்கு ஏறுகின்றன. போர்டுகள் முந்தைய எண் மேசைக்கு இறங்குகின்றன. ஏழு மேசை என்றால் மேசைக்கு நான்கு போர்டு, ஏழு சுற்று, மொத்தம் 28 போர்டு. கிழக்கு–மேற்கு ஒவ்வொன்றும் எல்லா வடக்கு–தெற்கையும் ஒருமுறை சந்தித்து, எல்லாப் போர்டையும் ஒருமுறை ஆடி முடிக்கும். மேசை எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும்வரை இது தானாக ஓடும். இரட்டைப்படை வந்தால்தான் சிக்கல். ஆட்டக்காரர் ஒரு மேசை ஏற, போர்டு ஒரு மேசை இறங்க, இரண்டுக்கும் இடையே சுற்றுக்கு இரண்டு மேசை இடைவெளி கூடுகிறது. எட்டு மேசையில் நான்கு நகர்வு முடிந்ததும் அந்த இடைவெளி எட்டாகி ஒரு முழு வட்டம் நிறைவுபெறும். ஐந்தாம் சுற்றில் முதல் சுற்றின் போர்டே மறுபடி கையில் வந்து நிற்கும். ஒருமுறை பார்த்த சீட்டை இன்னொருமுறை ஆட முடியாது. எனவே பாதி ஆட்டம் முடிந்ததும் கிழக்கு–மேற்கு ஜோடிகளை ஒரு மேசை தாண்டி உட்காரச் சொல்லவேண்டும். அப்படிச் செய்தால் ஏழு சுற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எட்டும் வேண்டுமென்றால் இரண்டு மேசைகள் ஒரே போர்டுகளைப் பகிர்ந்து ஆட, நடுவே ஒரு காத்திருப்பு மேடை வைக்கும் வழி உண்டு. தாண்டச் சொல்ல மறந்த டைரக்டருக்கு ஐந்தாம் சுற்றில் எல்லா மேசையிலிருந்தும் ஒரே நேரத்தில் அழைப்பு வரும்.

மிட்செலில் இரண்டு வெற்றியாளர்கள் உண்டு, திசைக்கு ஒருவர். ஒரே வெற்றியாளர் வேண்டுமானால் சில போர்டுகளில், ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கில், பெட்டியைத் திருப்பிவைத்து வடக்கு–தெற்கின் சீட்டைக் கிழக்கு–மேற்கு ஆடும்படி செய்வார்கள். பாதிப் போர்டைத் திருப்பினால் இன்னும் நியாயமாகும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. அதிகம் திருப்பினால் ஒப்பீட்டின் சமநிலை வேறு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

சிறிய கூட்டத்துக்கு ஹவல் ஓட்டமே ஏற்றது. போடிநாயக்கனூர் அளவிலான ஊரில் ஒரு ஞாயிறு மாலையில் ஐந்து மேசை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஜோடி, ஒன்பது சுற்று, சுற்றுக்கு மூன்று போர்டு, மொத்தம் 27. போர்டுக்கு ஏழரை நிமிடம் என்றால் மூன்றே கால் மணி நேரத்துக்குச் சற்றுமேல். ஒவ்வொரு ஜோடியும் மற்ற ஒன்பது ஜோடியையும் சந்திக்கும். நகர்வுதான் கோணல்: அடுத்து எந்த மேசை, எந்தத் திசை என்பது ஊகத்தில் அடங்காது, மேசைதோறும் வழிகாட்டி அட்டை வைத்தாகவேண்டும். பெரிய அணிப் போட்டிகளிலோ, சதுரங்கத்தில் பழகிய ஸ்விஸ் முறை பெரிதும் வழக்கம். இதுவரை சம புள்ளி எடுத்தவர்கள் அடுத்த சுற்றில் மோதுவார்கள், ஏற்கெனவே மோதியவர்கள் மறுபடி மோதமாட்டார்கள்.

இனிப் புள்ளி. ஒரு போர்டின் கணக்கு எல்லாப் போட்டிக்கும் ஒன்றே. ஏலத்தில் ஒப்பந்தம் செய்த ஒவ்வொரு பிடிக்கும், கிளப் அல்லது டைமண்ட் துருப்பானால் 20. ஹார்ட் அல்லது ஸ்பேட் ஆனால் 30. துருப்பில்லா ஆட்டத்தில் முதல் பிடிக்கு 40, மற்றவற்றுக்கு 30. முதல் ஆறு பிடி கணக்கில் வராது. ஒப்பந்தப் பிடிகளின் மதிப்பு நூறைத் தொட்டால் ‘கேம்’: சாதாரண நிலையில் 300, வல்னரபிளில் 500 கூடுதல். தொடாவிட்டால் 50தான். பன்னிரண்டு பிடிக்கு ஒப்புக்கொண்டு எடுத்தால் 500 அல்லது 750, பதின்மூன்றுக்கு 1000 அல்லது 1500 தனியே. சொன்னதை எடுக்காவிட்டால் குறைந்த ஒவ்வொரு பிடிக்கும் 50 அல்லது 100 அபராதம். எதிரி டபிள் சொல்லியிருந்தால் சாதாரண நிலையில் முதல் பிடிக்கு 100, இரண்டுக்கு 300, மூன்றுக்கு 500. வல்னரபிளில் 200, 500, 800. வேண்டுமென்றே தோற்கும் தந்திரம் இந்த எண்களில்தான் பிறக்கிறது. எதிரி வல்னரபிளாக நான்கு ஸ்பேட் எடுத்து 620 பெறப்போகிறார் என்று தெரிந்தால், வல்னரபிள் அல்லாத தரப்பு ஐந்து டைமண்ட் கேட்டு, டபிள் வாங்கி, மூன்று பிடி குறைந்து 500 கொடுத்தாலும் லாபமே.

இந்த எண்கள் மூலப்பொருள் மட்டுமே. அவற்றை ஒப்பிடும் முறை மாறினால் ஆட்டத்தின் குணமே மாறுகிறது. ஜோடிப் போட்டியில் வழங்குவது மேட்ச்பாயிண்ட் முறை. தன் திசையில் எத்தனை ஜோடியைவிட அதிகம் எடுத்தோமோ அத்தனைக்கும் இரண்டிரண்டு, சமமானவர்களுக்கு ஒவ்வொன்று. ஐந்து மேசையில் ஒரே போர்டின் வடக்கு–தெற்கு விளைவுகள் இப்படி என்று கொள்வோம்: நான்கு ஸ்பேட் கேட்டு ஒரு பிடி கூடுதலாக எடுத்தவர் 450, சரியாக எடுத்தவர் 420, துருப்பில்லாமல் மூன்று கேட்டு எடுத்தவர் 400, இரண்டு ஸ்பேடோடு நின்றுகொண்டு பத்துப் பிடி எடுத்தவர் 170, நான்கு ஸ்பேட் கேட்டு ஒன்று குறைந்தவர் கழித்தல் 50. மேட்ச்பாயிண்ட் முறையே 8, 6, 4, 2, 0. முப்பது புள்ளி வித்தியாசத்துக்கும் இருநூற்று இருபது புள்ளி வித்தியாசத்துக்கும் ஒரே விலை! அதனால்தான் ஜோடிப் போட்டியில் ஒரு கூடுதல் பிடிக்காக உயிரை விடுகிறார்கள். ஒப்பந்தத்தையே பணயம் வைத்து அந்தப் பிடியைத் தேடுவதும் உண்டு.

அணிப் போட்டியில் அதே எண்கள் வேறு பேச்சுப் பேசும். ஒரு அணியின் ஒரு ஜோடி ஒரு அறையில் வடக்கு–தெற்காகவும், மற்ற ஜோடி அடுத்த அறையில் கிழக்கு–மேற்காகவும் அதே போர்டை ஆடும். இரண்டு அறை விளைவுகளின் வித்தியாசம் ‘இம்ப்’ என்னும் அளவாக மாற்றப்படும். 20 முதல் 40 வரை ஒரு இம்ப். 220 முதல் 260 வரை ஆறு. 430 முதல் 490 வரை பத்து. 4000 முதல் எவ்வளவானாலும் 24. மேற்சொன்ன போர்டில் 450-க்கும் 420-க்கும் உள்ள இடைவெளி ஒரே இம்ப். கேமைத் தவறவிட்டு 170-இல் நின்றவர் இழப்பது ஆறு. 420 எடுக்கவேண்டிய இடத்தில் 50 கொடுத்தவர் இழப்பது பத்து. இங்கே கூடுதல் பிடியைத் தேடி ஒப்பந்தத்தைப் பணயம் வைப்பவரைக் கூட்டாளி மன்னிக்கமாட்டார்.

சுற்றுக்குச் சுற்று சேரும் இம்ப்பை அப்படியே கூட்டினால் ஒரு பலவீனமான அணியை நசுக்கியவர் மொத்தத்தில் முன்னேறிவிடுவார். அதைத் தடுக்கவே இம்ப் வித்தியாசத்தை இருபதுக்குள் பங்கிடும் வெற்றிப்புள்ளி அட்டவணை. சமமானால் 10–10. உலகக் கூட்டமைப்பு 2013-இல் பழைய முழு எண் அட்டவணையை விட்டுத் தசம அட்டவணைக்கு மாறியது. அதன் சூத்திரத்தில் தங்க விகிதம் என்று கணிதம் படித்தவர்கள் சொல்லும் எண்ணின் தலைகீழ், 0.618, உட்கார்ந்திருக்கிறது. பதினாறு போர்டு ஆட்டத்தில் 20 இம்ப் முன்னிலைக்கு 15–5. இன்னொரு 20 இம்ப் எடுத்து நாற்பதானால் 18.09, அறுபதில் 20–0, அதற்குமேல் எதுவுமில்லை. முதல் இருபதுக்கு ஐந்து, அடுத்த இருபதுக்கு மூன்று, கடைசி இருபதுக்கு இரண்டுக்கும் குறைவு. ஜெயித்துக்கொண்டிருப்பவன் மேலும் அடிப்பதற்குக் குறைந்துகொண்டே போகும் கூலி என்று இதைச் சொல்லலாம்.

எல்லாப் போர்டும் எல்லா மேசையிலும் ஆடப்படுவதில்லை என்பது நடைமுறைத் தொல்லை. நேரம் போதாமல் ஒரு மேசை ஒரு போர்டை விட்டுவிடலாம். யாரோ சீட்டைத் தவறான அறையில் செருகிவிடலாம். ஒன்பது மேசையில் ஆடிய போர்டின் உச்சம் 16 என்றால் எட்டு மேசையில் ஆடியதன் உச்சம் 14. இரண்டையும் ஒரே தராசில் வைக்க, ழெரார் நூபேர் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரால் வழங்கும் சூத்திரம் உதவுகிறது. கிடைத்த மேட்ச்பாயிண்டோடு ஒன்றைக் கூட்டி, ஒன்பதால் பெருக்கி எட்டால் வகுத்து, ஒன்றைக் கழிக்கவேண்டும். உச்சம் 15.875 ஆகிறது, கடைசி இடத்துக்குச் சுழியத்துக்குப் பதில் 0.125. ஆடாத ஒன்பதாவது மேசை இவர்களை வென்றிருக்கவும் கூடும், தோற்றிருக்கவும் கூடும் என்ற ஐயத்துக்கு இந்தக் கணக்கு இடம் விடுகிறது. கடைசியில் எல்லாம் விழுக்காடாகும். 50 என்பது சராசரி.

முன்பெல்லாம் ஒவ்வொரு போர்டோடும் மடித்த சீட்டு ஒன்று பயணம் செய்யும். ஆடி முடித்ததும் வடக்கு அதில் விளைவை எழுதுவார். முந்திய மேசைகளின் விளைவையும் அப்போதே பார்த்துவிடலாம் என்பதால் அரட்டைக்கு அது நல்ல தீனி. இப்போது மேசைக்கொரு கையடக்கக் கருவி வைத்து விளைவைத் தட்டச்சு செய்கிறார்கள். எதிர்த்தரப்பு அதை ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்தினால்தான் பதிவாகும். கருவி வந்தபின் கூட்டல் பிழை போய்விட்டது. திசைப் பிழை போகவில்லை. கிழக்கு ஆடிய ஒப்பந்தத்தை வடக்கு ஆடியதாக அழுத்துவதும், அடுத்த போர்டின் எண்ணில் இந்தப் போர்டின் விளைவைப் போடுவதும் எல்லா ஊரிலும் நடக்கின்றன. அனுபவமுள்ள கணக்காளர் விளைவுப் பட்டியலை ஓடவிட்டு, எல்லோரும் கூட்டல் எடுத்த இடத்தில் ஒரே ஒருவர் கழித்தல் எடுத்திருந்தால் முதலில் அங்கேதான் விரல் வைப்பார். வேறு வரையறை இல்லாவிட்டால், அதிகாரபூர்வமான புள்ளிகள் வெளியான 30 நிமிடத்துக்குள் பிழையைச் சொல்லியாகவேண்டும்.

மேசையில் முறைகேடு எதுவும் கவனத்துக்கு வந்த உடனே டைரக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. தாங்களே தீர்த்துக்கொள்வது பெருந்தன்மைபோலத் தோன்றினாலும், மற்ற மேசைகளில் அதே போர்டை ஆடுகிறவர்களுக்கு அது அநீதி. அவர்களுடைய புள்ளியும் இந்த விளைவைப் பொறுத்தது. முறை தவறி முதல் சீட்டை இறக்குவது எங்கும் காணும் பிழை. இறக்கவேண்டியவர் ஒப்பந்தக்காரரின் இடப்பக்கத்தவர், அவருடைய கூட்டாளி அவசரப்பட்டு ஸ்பேட் ராஜாவைத் திறந்துவிட்டார். டைரக்டர் வந்து ஒப்பந்தக்காரருக்கு ஐந்து வழிகளையும் ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும். அந்தச் சீட்டை ஏற்றுக்கொண்டு தன் கையை டம்மியாக, அதாவது எல்லோரும் பார்க்கும் திறந்த கையாக, விரித்துக் கூட்டாளியை ஆடவிடலாம். ஏற்றுக்கொண்டு தானே ஆடலாம். மறுத்தால் மூன்று: சரியானவரை ஸ்பேடே இறக்கச் சொல்லலாம், ஸ்பேட் இறக்கக்கூடாது என்று தடுக்கலாம், இவ்விரண்டிலும் ராஜா கைக்குத் திரும்பும். அல்லது எதை வேண்டுமானாலும் இறக்கச் சொல்லிவிட்டு, ராஜாவைத் தண்டனைச் சீட்டாக மேசைமேல் திறந்தே கிடக்கவிடலாம். நான்கைச் சொல்லி ஐந்தாவதை விட்டுவிட்டால் அது டைரக்டரின் பிழை. விதிப்புத்தகத்தை மேசைக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. உலகப் போட்டியிலும் அப்படிச் செய்கிறார்கள்.

முதலில் இறங்கிய இனம் கையில் இருந்தும் வேறு இனத்தை இறக்குவது ‘ரிவோக்’. ஊர் ஆட்டத்தில் இதற்கு ஆட்டமே போய்விடும். டூப்ளிகேட்டில் அளவு உண்டு. பிழை செய்தவரோ கூட்டாளியோ அடுத்த பிடிக்குச் சீட்டு இறக்கும்வரை திருத்திக்கொள்ள வேண்டும். அதன்பின் பிழை நிலைபெற்றுவிடும். பிழை செய்தவரே அந்தப் பிடியை வென்றிருந்தால் அந்தப் பிடியும், அவர் தரப்பு பின்னால் எதையாவது வென்றிருந்தால் அதில் இன்னொன்றும் எதிர்த்தரப்புக்கு மாறும். அவர் வெல்லாமல், அவர் தரப்பு அந்தப் பிடியையோ பின்னால் எதையாவதோ வென்றிருந்தால் ஒன்று. அதுவும் எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட சேதத்தை ஈடுகட்டாவிட்டால் டைரக்டர் புள்ளியையே திருத்தலாம். ‘மீதி எல்லாம் என்னுடையது’ என்று சீட்டை விரித்துக் கோருவதிலும் இதே நோக்கு. தகராறு என்றால் டைரக்டர், கோரியவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே திரும்பச் சொல்லவைப்பார். சொல்லாமல் விட்டதில் கவனக்குறைவான, ஆனால் அறிவுக்கு முற்றிலும் ஒவ்வாதது அல்லாத ஆட்டவழி ஒன்று இருந்தால், ஐயம் கோரியவருக்கு எதிராகவே தீரும்.

இவையெல்லாம் புத்தகத்தைத் திறந்தால் விடை கிடைப்பவை. டைரக்டரின் தூக்கத்தைக் கெடுப்பது வேறு: கூட்டாளிக்குப் போகக்கூடாத செய்தி போவது. பிரிட்ஜில் கூட்டாளியோடு பேசுவதற்கு ஏலமும் இறக்கும் சீட்டும் மட்டுமே அனுமதிக்கப்பட்ட மொழி. குரலின் ஏற்ற இறக்கம், பெருமூச்சு, தயக்கம் எதுவும் மொழியாகக் கூடாது. வாய்விட்டு ஏலம் கேட்பதில் குரலை மறைக்க முடியாது. போடியில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மேற்பார்வையில் நடக்கும் ஏலக்காய் விற்பனை 2007-இல் தொடங்கிக் கணினி வழி மின்-ஏலத்துக்கு மாறியது. யார் எந்தத் தொனியில் கேட்டார் என்பது அங்கே பொருளற்றுப் போயிற்று. பிரிட்ஜ் அதே காரணத்துக்காக அதற்கு வெகுகாலம் முன்பே குரலை விட்டுவிட்டது. 1960-களில் ஸ்வீடனில் உருவான ஏலப்பெட்டியிலிருந்து அச்சிட்ட அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தால் போதும். பெரும் போட்டிகளில் 1975 முதல் மேசையின் குறுக்கே மூலைவிட்டமாகத் திரையும் வைக்கிறார்கள். வடக்கும் கிழக்கும் ஒருபக்கம், தெற்கும் மேற்கும் மறுபக்கம். கூட்டாளி முகத்தைப் பார்க்க முடியாது.

ஆனால் நேரத்தை மறைக்கத் திரையாலும் முழுதாக முடியாது. ஒருவர் நெடுநேரம் யோசித்துப் பாஸ் சொல்கிறார். கூட்டாளி உடனே ஐந்து ஸ்பேட் கேட்கிறார். யோசித்தது குற்றமில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும், ஏனெனில் பலர் அதையே குற்றமென்று நினைத்துச் சண்டைக்கு வருகிறார்கள். குற்றம், அந்த யோசனையைக் கூட்டாளி பயன்படுத்திக்கொள்வதுதான். டைரக்டர் தன்னையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்: தயக்கம் உண்மையில் இருந்ததா? அது ஒரு வழியைவிட இன்னொரு வழியைச் சுட்டியதா? கூட்டாளிக்கு வேறு நியாயமான வழி இருந்ததா? அவர் தயக்கம் சுட்டிய வழியைத்தான் எடுத்தாரா? மூன்றாவது கேள்விக்கு டைரக்டரின் சொந்த அபிப்பிராயம் போதாது. அதே தரத்து ஆட்டக்காரர் சிலரிடம், நடந்ததைச் சொல்லாமல், சீட்டை மட்டும் காட்டி ‘நீங்கள் என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்டு வருவது இன்று நிலைபெற்ற வழக்கம். கணிசமானவர்கள் பாஸைத் தீவிரமாக எண்ணிப் பார்த்து, சிலராவது அதைத் தேர்ந்தால், ஐந்து ஸ்பேட் செல்லாது. யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லாமலே இந்தத் தீர்ப்பை வழங்க முடிகிறது என்பதே இவ்விதியின் பெருமை.

அப்படித் தீர்க்கும்போது திருத்திய புள்ளி தரவேண்டும். மீறல் நடக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டுத் தருவது ஒருவகை. நிச்சயமில்லாதபோது பங்கிட்டும் தரலாம்: பத்துக்கு ஆறு வாய்ப்பில் 420, நான்கு வாய்ப்பில் கழித்தல் 50 என்பதுபோல. இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, 420-ஐயும் கழித்தல் 50-ஐயும் முதலில் சராசரியாக்கிவிடுவது. ஒவ்வொன்றையும் தனித்தனியே இம்ப்பாகவோ மேட்ச்பாயிண்டாகவோ மாற்றியபின்தான் பங்கிட வேண்டும். போர்டை ஆடவே முடியாமல் போனால் செயற்கைப் புள்ளி: குற்றமற்ற தரப்புக்குக் குறைந்தது 60 விழுக்காடு, ஓரளவு பொறுப்புள்ளவருக்கு 50, முழுப் பொறுப்புள்ளவருக்கு அதிகபட்சம் 40. தீர்ப்பில் திருப்தியில்லாதவர் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் விதியின் பொருளை அங்கே மாற்ற முடியாது. தீர்மானத்தை மட்டுமே மறுபரிசீலிக்கலாம்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் எட்டாத ஒன்று இருப்பதைச் சென்னைப் போட்டி காட்டியது. 2015 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 10 வரை நடந்த அந்த உலக அணிப் போட்டியில் பெர்முடா கிண்ணத்துக்கு 22 அணிகள். எல்லோரோடும் எல்லோரும் மோதும் 21 சுற்று, சுற்றுக்கு 16 போர்டு, அதன்பின் முதல் எட்டு அணிகளுக்கு வெளியேற்றுச் சுற்றுகள். போட்டிக்கு முந்திய வாரங்களில் ஐரோப்பாவின் சில முன்னணி ஜோடிகள்மீது இரகசியச் சைகைக் குற்றச்சாட்டு எழுந்தது. எந்த மேசையிலும் எந்த டைரக்டரும் அதைப் பிடிக்கவில்லை. வலைத்தளத்தில் கிடந்த ஆட்ட ஒளிப்பதிவுகளை ஆட்டக்காரர்களே போர்டு போர்டாக ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு ஜோடி, ஏலம் முடிந்ததும் போர்டை மேசையில் எந்த இடத்தில் நகர்த்தி வைக்கிறது என்பதற்கும், எந்த இனத்தை இறக்கவேண்டும் என்பதற்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள். மேசையின் நடுவே போர்டு அசையாமல் இருக்கவேண்டும் என்ற சலிப்பூட்டும் விதிக்கு அப்போதுதான் மதிப்பு வந்தது. இஸ்ரேல், ஜெர்மனி, மொனாக்கோ அணிகள் சென்னைக்கு வராமல் விலகின. போலந்து ஜோடி ஒன்றுக்குக் கூட்டமைப்பு கடைசி நேரத்தில் அனுமதி மறுத்தது. அந்த அணியில் மீதியிருந்த நான்கு பேரே ஓய்வுக்கு மாற்று இல்லாமல் ஆடி, இறுதியில் ஸ்வீடனை வென்று கிண்ணத்தை எடுத்தார்கள். பெண்களுக்கான வெனிஸ் கிண்ணம் பிரான்ஸுக்குப் போயிற்று.

ஒளிப்பதிவு எல்லா வழக்கையும் தீர்த்துவிடவில்லை. ஐரோப்பிய பிரிட்ஜ் லீக் விதித்த தடை ஒன்றை 2018-இல் லொசானிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம், சான்று போதாதென்று நீக்கியது. சைகை இருந்தது என்று ஐயுறுவதற்கும் இன்ன சைகைக்கு இன்ன பொருள் என்று நிறுவுவதற்கும் நடுவே உள்ள தூரம் பெரிது. மேசை டைரக்டருக்கு அந்த விசாரணை வேலை இல்லை. ஐயம் வந்தால் குறித்துவைத்து, போட்டி அமைப்புக்குத் தெரிவிப்பதோடு அவர் பங்கு முடிகிறது. மேசையில் யாரையும் நேரடியாகக் குற்றம் சாட்டுவதை அவர் அனுமதிக்கவும் கூடாது.

2020-இல் பெருந்தொற்று எல்லாப் போட்டியையும் கணினிக்குத் தள்ளியது. அங்கே முறை தவறி இறக்க முடியாது, இனம் இருந்தும் வேறு இறக்க முடியாது, குறைவான ஏலம் கேட்க முடியாது. மென்பொருள் அந்தச் சீட்டைத் தொடவே விடாது. புள்ளியும் தானாக ஏறுகிறது. விதிப்புத்தகத்தின் பாதிப் பக்கங்களுக்கு அங்கே வேலையில்லை. மீதிப் பாதி, தயக்கமும் கூடாத செய்தியும் பற்றியது, முன்னைவிடக் கனத்துவிட்டது. தாமதம் யோசனையால் வந்ததா இணைய இணைப்பால் வந்ததா என்பதையும், கூட்டாளிகள் பக்கத்து அறையில் இருக்கிறார்களா, வேறொரு பெயரில் நுழைந்து எல்லோர் சீட்டையும் பார்க்கிறார்களா என்பதையும் டைரக்டர் இப்போது சேர்த்து எண்ணவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சொடுக்கும் நேரத்தோடு பதிவாகிவிடுவது மட்டுமே அவருக்குப் புதிதாகக் கிடைத்த கருவி.